நல்லி சூப் குடித்த மறுநாள்

என் மகளுக்கு ரத்தம் ஏற்றித்தான் எங்களுக்குப் பழக்கம். எடுப்பது என்ற பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது. கைக்குழந்தையாக இருந்தபோதே தலசீமியா என்று சொல்லிவிட்டார்கள். பிறவியிலேயே உடம்பில் நல்ல ரத்தம் ஊறாத நோய். அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரிமளத்திலிருந்து புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறுவோம். யாரோ கொடுத்த ரத்தம் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். போகும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வருகிறவள், திரும்பும்போது சன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவாள். இப்போது காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அந்தச் சண்டை மட்டும் நிற்கவில்லை.

அவளே அந்த நாளுக்கு ஒரு பேர் வைத்திருக்கிறாள். "அம்மா, டேங்க் காலி. நாளைக்குப் பெட்ரோல் பங்குக்குப் போகணும்" என்பாள். முதல் தடவை கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. அப்புறம் நானும் அப்படித்தான் சொல்ல ஆரம்பித்தேன்.

நான் ஜாக்கெட் தைக்கிறவள். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்கு மேல் நான் படித்ததெல்லாம் என் கடைக்கு வருகிறவர்களின் வாயிலிருந்துதான். கையைத் தூக்கச் சொல்லி டேப்பைச் சுற்றினால் போதும், பெண்கள் மனசில் கிடப்பதை எல்லாம் கொட்டிவிடுவார்கள். ஒருத்தி தன் மாமியாரைப் பற்றி, "அது திட்டுனாக் கூடத் தூங்கிருவேன்க்கா, சிரிச்சாத்தான் தூக்கம் வராது" என்றாள். அதை நான் ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். இப்படி யார் என்ன சொன்னாலும் எனக்கு மறக்காது. அதனால்தான் அந்த டாக்டரம்மா சொன்னதும் ஒரு வார்த்தை விடாமல் நினைவில் இருக்கிறது.

வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ரத்த நோய்க்குப் புதிதாக ஒரு சிகிச்சையைச் சோதித்துப் பார்க்கிறார்கள், சேர விருப்பமா என்று புதுக்கோட்டையில் பார்க்கிற டாக்டர் கேட்டு, அங்கே அனுப்பிவைத்தார். வீட்டுக்காரர், நான், மகள் மூன்று பேரும் போய் உட்கார்ந்திருந்தோம். டாக்டரம்மா என் மகளைப் பார்த்துத்தான் பேசினார், எங்களைப் பார்த்து அல்ல.

"ரத்தத்தை உண்டாக்குற ஸ்டெம் செல் எலும்புக்குள்ள இருக்கும்மா. ஒங்களுக்கு அதுலதான் மரபணுக் குறை. ஊசி போட்டு அந்தச் செல்லை வெளியில ரத்தத்துக்கு வரவெப்போம். ஒரு மெஷின் வழியா ரத்தத்தை ஓடவிட்டு, அதை மட்டும் பிரிச்சு எடுத்துக்குவோம். லேப்ல குறையைச் சரி பண்ணி, மறுபடி ஒங்களுக்கே ஏத்துவோம்."

"எங்க சொந்தக்காரங்க குடுக்கிறதா?" என்று நான் கேட்டேன்.

"இல்லங்க. ஒங்க மகளோடதுதான். வேற யாரோடதும் வேணாம்."

இத்தனை வருஷம் ஊரார் ரத்தத்தில் வளர்ந்த பிள்ளை. அவளுடையது என்று உள்ளே ஒன்று இருப்பதையே நான் நினைத்துப் பார்த்ததில்லை. இருக்கிற கொஞ்சத்தையும் எடுக்கப் போகிறேன் என்கிறாரே.

கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்கள் மஜ்ஜை பொருந்துமா என்று பார்த்திருப்பார்களாம். எங்களுக்கு இவள் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் எனக்கு அத்தை மகன். இரண்டு பேர் உடம்பிலும் ஆளுக்குப் பாதிக் குறை இருக்கிறது, சேர்ந்ததால் பிள்ளைக்கு முழுசாக வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, இன்னொன்று பெற்றுக்கொள்ள எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

டாக்டரம்மா கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். "ஒங்க மகளுக்கு மண்ணீரல் ஏற்கெனவே வீங்கியிருக்கு. இந்த ஊசி போட்டா இன்னும் கொஞ்சம் வீங்கும். அதனால ரொம்ப நாள் போட முடியாது. செல் எடுக்க ரெண்டு நாள்தான் வெச்சிருக்கோம். அந்த ரெண்டு நாள்ல போதுமான அளவு கிடைக்கணும். கிடைக்கலைன்னா மாசக்கணக்குல நிறுத்திட்டு அப்புறம் பாக்கணும். மண்ணீரல் இடம் குடுக்கலைன்னா, அதுவும் முடியாமப் போகலாம்."

என் மகள் யோசிக்கவே இல்லை. "எடுங்க டாக்டர்" என்றாள்.

ஊருக்கு வந்ததும் தம்பிக்குப் போன் போட்டேன். என் தம்பி இலுப்பூரில் கறிக்கடை வைத்திருக்கிறான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடையை அடைத்துவிட்டு வந்து இவளுக்காக ரத்தம் கொடுத்துவிட்டுப் போவான். ஒரு தடவை தவறியதில்லை.

"என்னக்கா சொல்ற? அதுக்கே ரத்தம் இல்லைன்னு நாம ஏத்திக்கிட்டுக் கெடக்கோம், அதுலருந்து எடுக்கிறாங்களா?"

"எடுத்துட்டு மிச்சத்தைத் திருப்பிக் குடுத்துருவாங்கடா."

"எங்கிட்ட எடுக்கச் சொல்லு. நான் தடிமாடு மாதிரி இருக்கேன்ல."

"ஒன்னோடது வேணாமாம். அவளோடதுதான் வேணுமாம்."

அந்தப் பக்கம் கறிக்கட்டையில் கத்தி விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் மெதுவாக, "அப்ப நான் எதுக்கு?" என்றான்.

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்கு எது நடந்தாலும் முதல் கை தாய்மாமனுடையதுதான். இவளுக்குக் காது குத்தியது அவன் மடியில் உட்கார வைத்து. வயசுக்கு வந்தபோது பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்டியவனும் அவன்தான். அவனைத் தாண்டி அவளுக்கு ஒன்று நடந்ததில்லை.

நானும் மகளும் மட்டும் ஆஸ்பத்திரி ஊருக்குக் கிளம்பினோம். வீட்டில் மாடு நிறைசினையாக இருந்ததால் வீட்டுக்காரர் வர முடியவில்லை. "ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல இழுக்குதே" என்று பஸ் ஸ்டாண்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மகள் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அப்பா, எனக்கு டாக்டர் இருக்காங்க. அதுக்கு நீங்கதான் இருக்கீங்க. போங்க" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தில் நோயாளிகளுக்கென்றே அறை வாடகைக்கு விடுகிறார்கள். ஒரு கட்டில், ஒரு பாய், ஒரு அடுப்பு. காலையில் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடலாம். முதல் ஊசி போட்ட அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நாள் இடுப்பெலும்பு விண்ணென்று வலிக்கிறது என்றாள். அதற்கடுத்த நாள் நெஞ்செலும்பு, முதுகு, தொடை. படுத்தால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் நிற்க வேண்டும்.

"எப்படிடி வலிக்குது?"

"உள்ள திருவிழாக் கூட்டம்மா. எல்லாரும் ஒரே வாசல்ல முண்டிக்கிட்டு வெளிய வாரானுங்க."

அதைக் கேட்டு நர்ஸ் சிரித்துவிட்டார். உண்மையில் அதுதான் நடக்கிறது, செல் எல்லாம் எலும்பை விட்டு வெளியே வருவதற்குத்தான் இந்த வலி என்றார். கூடவே சாப்பாட்டைப் பற்றியும் சொன்னார். நன்றாகச் சாப்பிட வேண்டும், பட்டினி கிடக்கக் கூடாது, எண்ணெய்ப் பலகாரம் மட்டும் வேண்டாம். நான் பயபக்தியோடு கேட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து அந்த அறையில் ஒரு அப்பளம்கூடப் பொரிக்கவில்லை.

ஆனால் அவள் சாப்பிட வேண்டுமே. வலியில் வாய் கசந்துபோய், இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டு எழுந்துகொண்டாள். இரண்டு நாளாக வெறும் மோர்தான். அதைப் போனில் தம்பியிடம் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

செல் எடுப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் தம்பி நிற்கிறான். ஒரு தோளில் பை, ஒரு கையில் மீன்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்தத் தெர்மாகோல் பெட்டி. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தானாம்.

"என்னடா இது?"

"நல்லி" என்றான். "எம் மருமகளுக்கு."

பெட்டியைத் திறந்து காட்டினான். ஐஸ்கட்டிக்கு நடுவே ஆட்டுத் தொடையெலும்பு, நடுவில் வெட்டி, உள்ளே மூளை போல வெள்ளையாக மஜ்ஜை தெரிகிறது. ஒரு கடையில் ஒரு நாளைக்கு எத்தனை ஆட்டு நல்லி சேரும்? அத்தனையும் யாருக்கும் விற்காமல் எடுத்து வைத்திருக்கிறான்.

நான் பெட்டியை மூடினேன். "ஆட்டுச் சாமானெல்லாம் இவளுக்கு ஆகாதுடா. ரத்தம் ஏத்தி ஏத்தி ஒடம்புல இரும்பு கெடக்கு. ஈரல், சுவரொட்டி ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு சின்னதுலருந்து சொல்லியிருக்காங்கல்ல?"

"எனக்குத் தெரியாதா? அதான் ஈரல் கொண்டு வரல, சுவரொட்டி கொண்டு வரல. நல்லில ஏதுக்கா இரும்பு? வெறும் மஜ்ஜை. நாளைக்கு அவங்க எடுக்கப் போறது எதுலருந்து? மஜ்ஜைலருந்து. எடுக்கிற எடத்துல முதல்ல ஊற வேணாமா?"

"எண்ணெய் கூடாதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க."

"ஒரு சொட்டு எண்ணெய் ஊத்த மாட்டேன். ஒம் மேல சத்தியம். மிளகும் சீரகமும் தட்டிப்போட்டுத் தண்ணியில கொதிக்க விட்டா, தானா வேகும்."

கட்டிலில் படுத்திருந்த மகள் தலையைத் தூக்கினாள். "அம்மா, நீ ஏன் மாமாவை வாசல்லயே நிறுத்தி வெச்சுக் கேள்வி கேக்குற? முதல்ல அடுப்பைப் பத்த வை."

அவ்வளவுதான். தம்பி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தான். சொன்னபடியே ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றவில்லை. மிளகு வாசம் சந்து முழுக்கப் போனது. பக்கத்து அறைக்காரர் எட்டிப்பார்த்து, "என்னங்க, ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களா, மறுவீட்டுக்கு வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டு போனார். என் மகள் எலும்பைத் தட்டில் தட்டித் தட்டி மஜ்ஜையை உறிஞ்சினாள். சோற்றைக் குழைத்து மூன்று தடவை வாங்கினாள். அவள் விரலைச் சூப்பிச் சாப்பிட்டதை நான் எப்போது பார்த்தேன் என்று எனக்கே நினைவில்லை. தம்பி ஒரு வாய் சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்பப் போயி மெஷின்காரங்கிட்டச் சொல்லு ஆத்தா, எவ்வளவு வேணுமோ எடுத்துக்கன்னு."

காலையில் மிஞ்சியதைச் சூடு பண்ணினேன். மேலே வெண்ணெய் மாதிரி ஒரு ஆடை உறைந்து கிடந்தது. அது உருகியதும் நான்கு தோசைக்கு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியில் கழுத்தில் ஒரு குழாய் வைத்தார்கள். கையில் உள்ள நரம்பு போதாதாம். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் வைத்தார்கள், ஆனாலும் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். திரும்ப உள்ளே போனபோது கழுத்தோரம் இரண்டு வால் மாதிரி குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ ஊசி பார்த்தவள்தான் நான். அதைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். "பயந்துட்டியா? எனக்கு வலிக்கலம்மா, ஆனா குனிஞ்சா நெருடுது" என்றாள்.

மெஷின் ஒரு சின்ன பீரோ உயரம். என் தையல் மெஷினில் நூல் எப்படி மேலும் கீழும் வளைந்து வளைந்து வருமோ, அப்படிக் குழாய்களைக் கோத்திருந்தார்கள். ஒரு குழாயில் ரத்தம் போகிறது, உள்ளே எதுவோ சுற்றுகிறது, இன்னொரு குழாயில் திரும்பி வருகிறது. உதடு மரத்தால் சொல்லச் சொன்னார் நர்ஸ். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கிற மருந்து சுண்ணாம்புச் சத்தை இழுக்குமாம், அதற்கு மாத்திரை இருக்கிறதாம். மேலே சின்னதும் பெரியதுமாகப் பைகள் தொங்கின. ஒன்றில் ரத்தநீர் வரும், ஒன்றில் செல் சேரும் என்று காட்டினார்.

கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் மெஷின் கீ, கீ என்று கத்த ஆரம்பித்தது. நர்ஸ் ஒரு பட்டனைத் தட்டினார், நின்றது. மறுபடி கத்தியது. அவர் குனிந்து குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

ரத்தநீர் என்றால் தெளிவாக, லேசான மஞ்சளாக இருக்க வேண்டுமாம். அந்தப் பையில் இருந்தது பால். கலங்கிய, கெட்டியான, ஆட்டுப்பால். என் பிள்ளை உடம்புக்குள்ளிருந்து பால் வந்துகொண்டிருக்கிறது.

இவள் உடம்பில் ஒரு குறை இருக்கிறது என்றுதானே இத்தனை வருஷம் நினைத்தோம், உள்ளே ரத்தமே இல்லையோ என்று ஒரு நினைப்பு ஓடியது. பைத்தியக்கார நினைப்புத்தான். அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றியது.

நர்ஸ் என் மகளிடம் கேட்டார். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"சூப்பு."

"என்ன சூப்பு?"

"நல்லி."

"காலையில?"

"அதே நல்லிதான். தோசைக்கு."

நர்ஸ் கண்ணை மூடித் திறந்தார். "நான் கொழுப்பு வேணாம்னு சொன்னேனேம்மா."

"எண்ணெய் வேணாம்னுதாங்க சொன்னீங்க" என்றேன் நான். "ஒரு சொட்டு எண்ணெய் ஊத்தலீங்க. அதோட கொழுப்புலயே வெந்தது."

சொல்லி முடிக்கும்போதுதான் நான் என்ன சொல்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

டாக்டரம்மா வந்தார். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கத்தவில்லை. பையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மெஷின் வெளிச்சத்தை வைத்துத்தான், சுழற்றிப் பிரித்த ரத்தத்தில் எந்த அடுக்கில் செல் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறதாம். கொழுப்பு மிதந்தால் அதற்குக் கண் தெரியாதாம். இவளைப் போன்ற பிள்ளைகளுக்குச் சில சமயம் ரத்தத்தில் கொழுப்பு கரையவும் நேரமாகுமாம். "முடிஞ்ச வரைக்கும் எடுக்கிறோம்" என்றார். சாயங்காலம் வரை எடுத்தார்கள். எண்ணிப் பார்த்துவிட்டு வந்து, வேண்டியதில் கால் பங்குகூட வரவில்லை என்றார்.

"நாளைக்கு ஒரு நாள் இருக்கு. நாளையோட நிறுத்திருவோம். ஸ்கேன்ல மண்ணீரல் பெருசாகியிருக்கு. அதுக்கு மேல ஊசி போட்டா உள்ள கிழிஞ்சிரும் அபாயம் இருக்கு."

தம்பியை உள்ளே விடவில்லை. மாடிப்படிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, "எவ்வளவு எடுத்தாங்க? நல்லா வந்துச்சா?" என்று கேட்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு ஆசை. எப்படிச் சொல்வது? வழியில் நான்கு விதமாக யோசித்துக்கொண்டு வந்தது எல்லாம் மறந்துபோனது. நடந்ததை அப்படியே சொன்னேன்.

அவன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரல் இடுக்கில் இன்னும் மிளகு வாசம் இருந்திருக்கும்.

"மண்ணீரல்னா எதுக்கா?"

"இடது பக்கம், விலாவுக்குக் கீழ இருக்குமாம்."

"சுவரொட்டியா?"

நான் தலையாட்டினேன். அவன் முகம் வெளிறிப்போனதை என் கண்ணால் பார்த்தேன். தினம் அதைக் கையில் எடுக்கிறவன். "அக்கா, அது ரொம்ப மெல்லிசு" என்றான். "நகம் பட்டாலே பிஞ்சிரும். கத்தி வெக்க வேணாம், அழுத்திப் பிடிச்சாலே போயிரும். அதுலயா...?" பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

டாக்டரம்மா சொன்னபோது 'அபாயம்' என்பது எனக்கு வெறும் வார்த்தையாகத்தான் இருந்தது. அவன் விரலைப் பார்த்த பிறகு அது வார்த்தையாக இல்லை. அன்று முழுக்க என் வலது கை என்னை அறியாமல் என் இடது விலாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

அன்றைக்கு அவளை ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்துக்கொண்டார்கள். சாப்பாடு அவர்களே கொடுத்தார்கள். தாளிக்காத ரசம், சோறு, வேகவைத்த காய். என் மகள் தட்டைப் பார்த்துவிட்டு, "இது சாப்பாடு இல்லம்மா, மன்னிப்புக் கடிதம்" என்றாள். ஆனால் ஒரு பருக்கை வைக்காமல் சாப்பிட்டாள். தம்பியைப் பற்றிக் கேட்டாள். வெளியே இருக்கிறான், பச்சைத் தண்ணி குடிக்கவில்லை என்றேன்.

"மாமாக்கிட்டப் போனைக் குடு."

போட்டுக் கொடுத்தேன். அவன் ஹலோ சொல்லவில்லை, மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது.

"மாமா, சூப்பு சூப்பரா இருந்துச்சு. அதை மட்டும் தப்புன்னு யாராச்சும் சொன்னா அடிச்சே புடுவேன். நாளைக்கு எடுத்துருவாங்க. நீங்க போயி ஏதாச்சும் சாப்பிடுங்க. ஏற்கெனவே ஒரு ஆளு படுத்திருக்கேன், ரெண்டாவது ஆளுக்கு இங்க பெட் இல்ல."

போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். தோள் குலுங்கியது. பயம் அவளுக்கும் இருந்திருக்கிறது. எங்கள் எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு, அந்தப் பயத்தைச் சுவரிடம் மட்டும் காட்டினாள். நான் முதுகைத் தடவப் போய்க் கையை எடுத்துக்கொண்டேன். எலும்பெல்லாம் வலிக்கிற முதுகு.

மறுநாள் விடிந்ததும் வேறு ஒரு ஊசியும் சேர்த்துப் போட்டார்கள். மெஷினை ஓடவிட்டார்கள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பைக்குப் போகிற குழாயைத்தான் பார்த்தேன். சாமி கும்பிடுகிறவள் விளக்கைப் பார்க்கிற மாதிரி. முதலில் லேசாகக் கலங்கல் மாதிரி இருந்தது, என் உயிர் போய் வந்தது. அப்புறம் தெளிந்தது. வெயிலில் வைத்த நல்லெண்ணெய் நிறத்தில் மஞ்சளாக ஓடியது. மெஷின் கத்தவில்லை. அது கத்தாமல் இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் இப்போது கத்தும், இப்போது கத்தும் என்று எனக்குக் காது அடைத்தது.

மகளுக்கு உதடு மரத்தது, மாத்திரை கொடுத்தார்கள். கால் நடுங்கியது, போர்த்திவிட்டார்கள். மத்தியானம் வீட்டுக்காரர் போன் செய்தார். மாடு கிடேரிக் கன்று போட்டிருக்கிறதாம். தாயும் கன்றும் சுகமாம். "அங்க எப்படி?" என்றார். "ஓடிக்கிட்டு இருக்கு" என்றேன். "எது?" என்றார். போனை மெஷின் பக்கமாகப் பிடித்தேன்.

சாயங்காலம் மெஷினை நிறுத்தி, செல் சேர்ந்த பையைக் கழற்றினார்கள். என் உள்ளங்கை அகலம்கூட நிறையவில்லை. தக்காளி ரசத்தில் கொஞ்சம் பால் விட்ட மாதிரி ஒரு நிறம். இவ்வளவுதானா? இதற்குத்தானா அத்தனை எலும்பும் நொந்தது? இரண்டு நாள் என் பிள்ளை உடம்பு ரத்தம் முழுக்கத் திரும்பத் திரும்ப அந்த மெஷினுக்குள் போய்வந்து, சலித்து எடுத்தது இந்த ஒரு கை. நர்ஸ் அதைப் பச்சைக்குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு எண்ணுவதற்குப் போனார்.

காத்திருந்தோம். வாசல் கதவில் சதுரமாக ஒரு கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் தம்பியின் முகம் வந்து வந்து போனது. உள்ளே வா என்று கை காட்டினால் தலையை ஆட்டிவிட்டு மறைந்துகொள்வான்.

டாக்டரம்மா வேகமாக நடந்து வந்தார். வேகமாக வந்தால் நல்லதா, மெதுவாக வந்தால் நல்லதா என்று என் மனசு கணக்குப் போட்டது. ஒவ்வொரு தடவையும் இப்படி ஒரு டாக்டர் நடந்து வரும்போது நான் என்ன கேட்பேன் என்று எனக்குத் தெரியும். எந்த இடத்தில் உடைந்துபோவேன், எப்படித் தேறி எழுந்து ரத்தம் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கப் போவேன், எல்லாம் பாடம்.

"போதும்" என்றார்.

"எது போதும்?"

"எடுத்த செல்லுதாங்க. வேண்டியது வந்துருச்சு. சரி பண்ண ஒரு பங்கு, பத்திரத்துக்கு எடுத்து வைக்க ஒரு பங்கு. ரெண்டுக்கும் காணும். இனிமே ஊசி வேணாம்."

அப்புறமும் பேசினார். லேபில் சரி செய்து வர மாசக்கணக்காகும், அதுவரை வழக்கம்போல் ரத்தம் ஏற்ற வேண்டும், திருப்பி ஏற்றுவதற்கு முன்னால் கடுமையான மருந்து கொடுப்பார்கள், முடி கொட்டும், இதெல்லாம் பலிக்கும் என்று இப்போதே உறுதி சொல்ல முடியாது. எல்லாம் காதில் விழுந்தது. ஆனால் என் கால் அந்த முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்தேன், பிடி கிடைக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. வெளியே கண்ணாடியில் தம்பி இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொள்வது தெரிந்தது. நான் விழுந்ததைப் பார்த்து, போச்சு என்று நினைத்துவிட்டான்.

"யாராச்சும் போயி மாமாக்கிட்டச் சொல்லுங்களேன்" என்று கழுத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டே என் மகள் கத்தினாள். பிறகு குனிய முடியாமல் கட்டிலிலிருந்து கையை மட்டும் கீழே நீட்டினாள்.

"அம்மா, எந்திரி. அவங்க நல்ல சேதிதான் சொன்னாங்க."

"தெரியும்டி" என்றேன். "அதான் எந்திரிக்க முடியல."